கடிகாரத்துக்கு இரண்டு பேர்

மார்புப் பக்கம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்ட சத்தம் நீதிபதி துரைக்கே கேட்டுவிடுமோ என்று, கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி அப்துல் கையூம் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேலைக்கு வந்து மூன்றே மாதம். ஒரு சொல் பிசகினாலும் சீட்டுக் கிழிந்துவிடும்.

கூண்டில் நரைத்த மீசையோடு இஞ்ஞாசி. சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடையில் மூட்டை தூக்குபவன். திருட்டு ருசுவானால் ஆறு மாதம் கம்பி எண்ண வேண்டும்.

கடை முதலாளி ஒலி முகம்மது சாட்சிப் பெட்டியில் ஏறிப் பொரிந்து தள்ளினார். "கோட்டைக் கழட்டிச் சுவத்துல மாட்டிட்டு லுஹர் தொழுகப் போனேன். வந்து பாத்தா கெடியாரத்தைக் காணோம்! தங்கச் சங்கிலி, இந்தா, இம்புட்டு நீளம்!" இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுக் கையூம் பக்கம் திரும்பினார். "நீங்ககூடக் கோட்டுத் துணி பாத்துக்கிட்டு நின்னீங்களே தம்பி, சொல்லுங்க!"

கையூம் துரையின் பக்கம் திரும்பினார். "சுவரில் தொங்கிய கிளாக்கைக் காணவில்லையாம் துரை. சங்கிலி அவ்வளவு நீளமாம்."

நம்மவர்களுக்குச் சட்டைப்பையில் கிடந்தாலும் கடிகாரம், சுவரில் தொங்கினாலும் கடிகாரம். வெள்ளைக்காரனுக்கோ பையில் இருந்தால் வாட்ச், சுவருக்குப் போனால் கிளாக். புகாரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தபோதும் கையூம் கிளாக் என்றுதான் எழுதியிருந்தார்.

"கடைசியில் உம்மிடம் என்னவோ கேட்டாரே?" என்றார் துரை.

கையூம் கோட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். "கடையில் ஆள் நடமாட்டம் அதிகமாம் துரை."

இஞ்ஞாசி கூண்டிலிருந்து கும்பிட்டான். "மாதா சத்தியமா நான் எடுக்கலய்யா. தினம் காலையில பன்னெண்டு திருகு எண்ணி அதுக்குச் சாவி கொடுக்கிறவனே நான்தான். வளத்த புள்ளைய நானே கடத்துவேனா?"

பிடிபட்டபோது அவனிடம் இருந்தவை இடுப்பில் நாலு முழ வேட்டி, கையில் முதலாளிக்கு வாங்கிய தேத்தண்ணிக் குவளை, அவ்வளவுதான் என்றார் போலீஸ்காரர்.

துரை தன் தலைக்கு மேல் பெண்டுலம் ஆட்டிக்கொண்டிருந்த பெரிய கிளாக்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இஞ்ஞாசியின் வேட்டியைப் பார்த்தார். மறுபடி கிளாக்கைப் பார்த்தவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இதை இடுப்பில் செருகிக்கொண்டா இவன் தேநீர் வாங்கப் போனான்? கேஸ் தள்ளுபடி!"

வாசலில் ஒலி முகம்மது வழிமறித்தார். அதற்குள் யாரோ அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"கெடியாரத்துக்கு ரெண்டு பேராமே! வாட்ச் எது, கிளாக் எதுன்னு தெரியாத ஆளுக்கு எவன்யா துபாஷி வேலை கொடுத்தான்? வெத்தலக் கடைக்காரனுக்குக்கூடத் தெரியுதே!"

"தப்புத்தான் காக்கா. நமக்கு ரெண்டும் ஒண்ணுதானே, குழம்பிட்டேன்." கையூம் குனிந்த தலை நிமிரவில்லை. சுற்றி நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். முதலாளி காறித் துப்பிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினார்.

வண்டி மறைந்ததும் இஞ்ஞாசி ஓடி வந்து கையூமைக் கட்டிக்கொண்டு அழுதான். "தெய்வம் மாதிரி வந்தீங்கய்யா! ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும், எனக்கு நீங்கதான் பெரிய படிப்பாளி!"

கோட்டில் முகம் புதைத்திருந்தவனின் அழுகை சட்டென்று நின்றது. கையூம் விலகப் பார்த்தார், அவன் விடவில்லை. காதை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக் கேட்டான்.

பிறகு நிமிர்ந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னான்:

"சாவி பன்னெண்டு திருகுதாங்கய்யா. அதுக்கு மேல தாங்காது."