அணிலும் அக்கரை நாரையும்

ஒருமுறை தவறி விழுந்த அணிலுக்கு, அடுத்த மரத்துக்குத் தாவவே பயமாகிவிட்டது. இருந்த ஆற்றோர மரத்திலோ பழம் தீர்ந்துகொண்டு வந்தது.

அந்த மரத்தில் ஒரு கிளி இருந்தது. எப்போது போய் நின்றாலும், "மூச்சை இழு, மூச்சை விடு, சபாஷ்!" என்று மெல்லக் காதோடு சொல்லும். அணிலுக்கு அது கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. ஒருநாள் அணில், "நேற்றிலிருந்து நான் சாப்பிடவே இல்லை" என்றது.

"சபாஷ்! தொடர்ந்து ஏழாவது நாளாக வந்திருக்கிறாய்!" என்றது கிளி.

அணில் விருட்டென்று ஆற்றின்மேல் சாய்ந்த கிளைக்கு ஓடியது. அக்கரையில் ஒரு நாரை, வாரத்தில் ஒருநாள் யார் பேசினாலும் காதுகொடுத்துக் கேட்கும். அன்று அந்த நாள்தான்.

"எனக்குத் தாவப் பயமாக இருக்கிறது" என்று முணுமுணுத்தது அணில்.

"தண்ணீர்ச் சத்தம்! உரக்கச் சொல்லம்மா!"

உரக்கச் சொன்னால் தோப்புக்கே கேட்கும். அணில் கண்ணை மூடிக்கொண்டு கத்தியது.

"என்னம்மா நடந்தது?" என்றது நாரை. கிளி ஒருநாளும் கேட்காத கேள்வி அது.

மேலே காக்கைகள் சிரித்தன. "கேட்டியாடி, அணிலுக்குத் தாவப் பயமாம்!"

"ஆமாம், பயம்தான்!" என்று அணில் நிமிர்ந்து பார்த்தது. "கொஞ்சம் சும்மா இருங்கள். நான் இன்னும் பேசி முடிக்கவில்லை."