சுவரில் தொங்கும் நோட்டீஸ்

"ரெண்டு மாசமா காய்ச்சல், காலையில விரலை மடக்க முடியல. இத்தனை நாள் என்ன பண்ணீங்க, பெரியவரே?"

பிஷ்கெக் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் நூர்ஸாத் கேட்டாள்.

"ஜன்னல் காத்து பட்டிருக்கும்னு நினைச்சேம்மா" என்றார் தெமிர்பெக். "ராஸ்பெர்ரி ஜாம் போட்டு டீ குடிச்சேன். ஆட்டுவால் கொழுப்பு தடவினேன்."

"சுவத்துல நோட்டீஸ் தொங்குதே, படிக்கலையா? 'மூட்டுவலியோடு காய்ச்சலும் வந்தால் கொழுப்பைத் தடவிக்கொண்டு வீட்டில் கிடக்காதீர்கள்.' எட்டு வருஷமா தொங்குதாம்."

"ஒன்பது வருஷம்."

"தெரிஞ்சுமா?"

கொழுப்பு வாடை வீசிய விரலால் அவர் நோட்டீஸின் அடிப்பகுதியைக் காட்டினார். 'டாக்டர் தெமிர்பெக், மூட்டுநோய்ப் பிரிவுத் தலைவர்' என்றிருந்தது.

"மத்தவங்களுக்குன்னு நினைச்சுத்தாம்மா எழுதினேன்."