இணைக்காத பட்டியல்

"கொழும்பில எம்பசியில இருபத்தாறு வருஷம் இங்கிலீஸ் கடிதம் ரைப் அடிச்ச மனுசன். ஒரு பக்கம் வாசிச்சுச் சொல்ல மாட்டாராம்!"

வேரோனிக்கா எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள். அவள் கணவர் சூசைதாசன் தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து தலை நிமிரவில்லை.

ஸ்காபரோவில் அந்த மாதா கோயிலில் காலைப் பூசை கொரியர்களுக்கு, மத்தியானப் பூசை தமிழருக்கு. அன்று மார்ச் முதலாந் திகதி. ஜப்பானியர் ஆட்சிக்கு எதிராகத் தங்கள் சனம் எழுந்த நாளென்று கொரியர்கள் கீழ் மண்டபத்தில் படங்கள் மாட்டியிருந்தார்கள். நடுவில், அந்தக் காலத்து வெளிநாட்டுத் தூதர் ஒருவர் தன் அரசுக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம். பக்கத்தில் மிஸிஸ் யூன். கடிதத்தில் வரும் ஊர், அவளுடைய தாத்தாவின் ஊர்.

"உங்கள் ஆட்களுக்கு உங்கள் மொழியில் சொல்லுங்களேன்," என்றுதான் அவள் சூசைதாசனைக் கேட்டிருந்தாள்.

"ஏலாது," என்றுவிட்டார் அவர்.

"எம்பசிக் கதிரை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்குப் போல," என்று சிரித்தாள், கூடப் பூசைக்கு வந்திருந்த ஏஞ்சலா.

வெட்கத்தில் வேரோனிக்காவே தட்டுத்தடுமாறித் தமிழில் வாசித்தாள். ஊர்வலம் போனவர்களை ஜப்பானியச் சிப்பாய்கள் ஜெபக் கூடத்துக்குள் அடைத்துத் தீ வைத்தது. பிறகு கடைசி மூன்று வரி.

"இப்போது எங்கும் அமைதி. நாம் தலையிடுவது நல்லதல்ல. இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கிடைத்தது, இத்துடன் இணைக்கவில்லை."

"அந்தப் பட்டியல் எங்களுக்குக் கிடைக்கவேயில்லை," என்றாள் மிஸிஸ் யூன் மெதுவாக.

வேரோனிக்கா கடிதத்தின் அடியிலிருந்த தூதரின் கையெழுத்தை விரலால் குத்தினாள்.

"நாசமாப் போவான்! பேரை அனுப்பினா அவனுக்கு என்ன குறைஞ்சுபோகும்? எங்கட கோயில் வாசல்ல, பூசையில மன்றாடுறதுக்குப் பேர் எழுதிப் போட ரெண்டு பெட்டி இருக்கு. செத்தவையின்ர பேருக்கு ஒண்டு, உயிரோடை இருக்கிறவையின்ர பேருக்கு ஒண்டு. வன்னியில காணாமல்போன என்ர தம்பி டெனிஸ்டனுக்கு என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பதினேழு வருஷமா அவன்ர பேரை உயிரோடை இருக்கிறவையின்ர பெட்டியிலதான் போடுறன். இவர்தான் வடிவான எழுத்தில எழுதித் தாறவர்."

சூசைதாசன் கோப்பையை வைத்தார்.

"அந்த மனுசனைத் திட்டாதையும்."

"ஏன், உங்கட சொந்தக்காரனோ?"

"இதே மூண்டு வரியை நானும் ரைப் அடிச்சனான், வேரோனி. ரெண்டாயிரத்து ஒன்பது, மே மாசம். வன்னியிலிருந்து ஒரு பங்குச் சுவாமி செத்தவையின்ர பட்டியல் அனுப்பினவர். இணைக்க வேண்டாம் எண்டு எம்பசிப் பெரியவர் சொன்னார். நான் இணைக்கேல்லை."

வேரோனிக்கா அவர் முகத்தையே பார்த்தாள். "அந்தப் பட்டியலை... நீங்கள் வாசிச்சனீங்களோ?"

சூசைதாசன் சட்டைப் பையிலிருந்து, பெட்டியில் போட எழுதி வைத்திருந்த அன்றைய துண்டை எடுத்தார். வடிவான எழுத்தில், டெனிஸ்டன்.

"இதை இண்டைக்கு மற்றப் பெட்டியில போடும்," என்றார்.