பாதாள டாக்டர்

பெங்களூர் காக்ஸ் டவுன் வாசியும், தேவாலயத்தின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஆண்டுதோறும் ஏலம் கூறுபவருமாகிய திருவாளர் ஓஸ்வால்ட் அவர்களுக்கு அப்போது வயது அறுபத்தொன்று.

நாவின் ஓரத்தில் ஆறாத புண். புற்றுநோயே என்று கருதிய அறுவை மருத்துவர், பாதி நாக்கை அகற்ற வியாழக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டார். புண்ணிலிருந்து எடுத்த சதைத் துணுக்கின் முடிவு மட்டும் வரவேண்டியிருந்தது.

புதன்கிழமை மாலை ஓர் அம்மையார் வாசலில் வந்து நின்றார்.

"நான் டாக்டர் வேதநாயகி. ஆஸ்பத்திரியில பதாலஜி. ஐயாவைப் பார்க்கணும்."

மனைவி எஸ்தரின் முகம் வெளிறியது. சதைத் துணுக்குகளைச் சோதிக்கும் அப்பிரிவு, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் பிணவறைக்கு அடுத்த அறை. அவர் காதில் அச்சொல் 'பாதாளம்' என்றே விழுந்தது.

"பொணம் அறுக்கிற டாக்டருக்கு உசிரோட இருக்கிறவர்கிட்ட என்னம்மா வேலை? ஆபரேஷனே இன்னும் ஆகல. அதுக்குள்ள பெட்டிக்கு அளவெடுக்க வந்துட்டீங்களா?"

"வாயை மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன்மா."

"விடு எஸ்தர். நாக்கு இருக்கிறப்பவே காட்டிடறேன்" என்று உள்ளிருந்து குழறினார் ஓஸ்வால்ட்.

வேதநாயகி டார்ச் அடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்றை விரலால் தடவினார்.

"இது எப்போ உடைஞ்சது?"

"ஈஸ்டருக்கு மறுநாள். எலும்பைக் கடிச்சேன்."

அம்மையார் தலையசைத்துவிட்டுப் புறப்பட்டார். "உட்காருங்க" என்றுகூட எஸ்தர் சொல்லவில்லை.

மறுநாள் காலை அறுவை மருத்துவர் அவர்களை வழியிலேயே நிறுத்தினார்.

"ஆபரேஷன் இல்லை. துணுக்கில கேன்சர் இல்லைன்னு அந்தம்மா சொன்னாங்க. எடுத்த இடம் தப்பா இருக்கும், வெட்டிடலாம்னேன் நான். பல்லுதான் குத்துது, அதைத் தேய்ச்சு ரெண்டு வாரம் பாருங்கன்னு நேத்து சண்டை போட்டே என்னைச் சம்மதிக்க வச்சாங்க."

"வீட்டுக்கு வந்தவங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, சார்!" என்றார் எஸ்தர்.

"நான் ஒத்துக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஆசை காட்டக் கூடாதாம். அதுக்குத்தான் நீங்க திட்டினதையும் வாங்கிக்கிட்டு வந்திருக்காங்க."

அக்கணம் பேச நாவின்றி நின்றவர் எஸ்தரே.

பல் தேய்க்கப்பட்டது. புண் ஆறியது. நாக்கு முழுதும் ஓஸ்வால்ட் அவர்களுக்கே உரியது என்று முடிவானது, 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதினாறாம் நாள், வெள்ளிக்கிழமை.