கோள் சொல்லும் குடல்

துடியலூர் கடையில் திருமூர்த்தி முதல் பஜ்ஜியை விழுங்கியதுமே கைப்பேசி அலறியது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மருமகள் நித்யஸ்ரீ.

“மாமா, இங்க உங்க சிப்பு சிவந்துபோச்சுங்க. என்ன சாப்பிட்டீங்க?”

குடல் அழற்சிக்கு மருந்து தேடும் வேலை அவளுக்கு. நோயாளியான மாமனாரின் குடல் செல்களையே விரலளவு சிப் ஒன்றில் வளர்த்து வந்தாள். ‘அது உங்க குடலேதானுங்க’ என்று அவள் சொன்ன நாளோடு அவருடைய நிம்மதி போயிற்று.

“ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு! மிச்சத்தக் கீழ வெச்சுப்போட்டேன்.”

தட்டை நண்பர் லட்சுமணசாமி பக்கம் தள்ளினார். “நேத்து போண்டா, இன்னைக்கு பஜ்ஜி. இங்க தின்னா அங்க தெரிஞ்சுபோகுதுங்க!”

“விஞ்ஞானத்த ஏமாத்த முடியுங்களா?” என்றபடியே லட்சுமணசாமி இரண்டு தட்டையும் காலி செய்தார். “நாளைக்கு அன்னூர் போலாமுங்க. அவ்வளவு தூரம் சிப்புக்கு எட்டாதுங்க.”

திருமூர்த்தி முகம் மலர்ந்து கை கழுவப் போனார்.

லட்சுமணசாமி கைப்பேசியை எடுத்தார்.

“அம்மணி, நாளைக்கு அன்னூருங்க. நான் மிஸ்டு கால் குடுத்ததும் சட்டுனு கூப்புடோணும். இன்னைக்கு நீங்க லேட்டு. ஒரு பஜ்ஜியத் தின்னுபோட்டாரு!”