பதினேழாம் கிண்ணம்

மனித குலத்தின் நன்மைக்காகச் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் ஆய்வகத்தின் பதினேழாம் கிண்ணத்தில் வளரும் செல்கள் செவ்வாய்க்கிழமை காலை ஒழுங்காக நடந்துகொண்டன.

அவை அப்படி நடக்கக் கூடாதவை. சளி கெட்டியாகி மூச்சை அடைக்கும் பிறவி நோய் கொண்ட ஒரு சிறுமியின் மூக்கின் உட்புறத் தோலிலிருந்து எடுத்து, ஓராண்டாக வளர்க்கப்படுபவை. அவற்றின் சவ்வில் ஒரு நொதி எப்போதும் இரண்டு மடங்கு வேகத்தில் வேலை செய்யும். அளக்கும் இயந்திரம் வாராவாரம் தொண்ணூறு காட்டும். நோயில்லாதவர்களுக்கு நாற்பத்தைந்து. அன்று நாற்பத்தைந்து காட்டியது.

மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் அன்று அளந்துகொண்டிருந்த ஆய்வகக்காரருக்குப் பதினேழு யாரென்று தெரியும். அவருடைய மகள்.

மூன்று முறை அளந்தார். கிண்ணத்தில் யாரும் எதையும் சேர்த்திருக்கவில்லை. மற்ற கிண்ணங்களிலும் மாற்றமில்லை. வீட்டுக்குப் போன் செய்தார்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"காலையிலேர்ந்து ஒரு இருமல்கூட இல்லைங்க. ஆட்டம் தாங்கல," என்றாள் மனைவி. பிறகு குரல் தாழ்ந்தது. "நெத்தியில முத்தம் குடுத்தேன். உப்புக் கரிக்கவே இல்லைங்க."

அந்த நோய் வியர்வையில் உப்பை ஏற்றிவிடும்; ஏழு வருஷமாகக் கரித்த நெற்றி அது.

அவர் கிண்ணத்தின் முன்னால், பெரிய மனிதர் எதிரில் நிற்பதுபோல், கைகட்டி நின்றார்.

ஆய்வக இயக்குநர் வந்து இயந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்தார். "என்னய்யா இது? நொதி கெட்டுப்போச்சுன்னு காட்டத்தானே நம்ம ஆராய்ச்சியே! இது சரியாயிட்டா மாநாட்டுல நான் என்னத்தப் பேசுவேன்?"

இயந்திரத்தின் மேல் ‘பழுது’ என்று எழுதி ஒட்டினார்கள்.