திரும்பி வந்த துளிகள்

நாளை உற்பத்தி தொடங்க வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலரின் தெளிப்பு முனையை வடிவமைத்தவர், பரிசோதனைக்கூடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பக்கத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த விற்பனை அதிகாரி.

“துளி நாலு மைக்ரான்னு உங்க ரிப்போர்ட் சொல்லுது. என் லேசர் கருவி ஏழுங்குது,” என்றாள் துளிகளை அளந்து ஒப்புதல் தரும் தரச் சோதனை அதிகாரி. “இவ்வளவு பெருசா இருந்தா மருந்து தொண்டையோட நின்னுடும், நுரையீரலுக்குப் போகாது.”

“நானும் லேசர்லதான் அளந்தேன், மேடம்.”

“தெளிச்ச துளியை வெளியே இழுக்க எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டீங்களா?”

வடிவமைத்தவர் தன் ரிப்போர்ட்டைப் புரட்டித் தேடினார்.

“அப்ப போடலை. பெரிய துளி கீழ விழுந்துடும். பொடித் துளி மிதந்து மிதந்து மறுபடியும் லேசர்ல வந்து பட்டிருக்கு. அதையே திரும்பத் திரும்ப எண்ணி சராசரியைக் குறைச்சிருக்கீங்க.”

‘நிராகரிப்பு’ முத்திரை சத்தமாக விழுந்தது.

வெளியே வந்ததும் விற்பனை அதிகாரி பொருமினார். “கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கலையே சார்! இந்தம்மாவைக் கட்டிக்கிட்டவன் பாடு திண்டாட்டம்தான்.”

“திண்டாட்டம்தான்,” என்றார் அவர், முனையைப் பைக்குள் போட்டபடி. முகமெல்லாம் பெருமை. “ஆனா கட்டிக்கிட்ட இந்தப் பதினோரு வருஷத்துல என் தப்பு ஒண்ணைக்கூட அவ வாசல் தாண்ட விட்டதில்லை.”